மாம்பழக் கூழிலும் பூசணம், மல்லாட்டையிலும் பூசணம்!

சித்தூர் சீமையில் ஒன்று சோறு போடுகிறது. இன்னொன்று உயிருக்கு உலை வைக்கிறது

மே மாதம் பிறந்துவிட்டால் சித்தூர் சாலைகளில் லாரி நெரிசல் தொடங்கிவிடும். தாமலச்செருவு, பங்காருபாளையம் மண்டிகளில் மாங்காய் குவியும். லாரிகளும் டிராக்டர்களும் மாம்பழக் கூழ் தொழிற்சாலைகளின் வாசலில் வரிசை கட்டி நிற்கும்.

பெரும்பாலும் தோத்தாபுரி ரகம்தான். தமிழர்கள் 'கிளிமூக்கு' என்றும் 'பெங்களூரா' என்றும் சொல்வது இதைத்தான். இரண்டு, மூன்று மாதங்களுக்குத் தொழிற்சாலைகளில் இரவு பகலாக வேலை நடக்கும். பழம் கழுவ ஓர் ஆள், தரம் பிரிக்க ஓர் ஆள், கொட்டை நீக்க ஓர் ஆள், டின் அடைக்க ஓர் ஆள் என்று ஷிப்டு ஷிப்டாக ஆட்கள் மாறுவார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும்.

இந்தக் கூழ்தான் பிறகு மாம்பழ பானமாகி, ரெயில் நிலையக் கடைகளில் விற்பனைக்கு வருகிறது. அந்தப் பானத்தின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் '330' என்று ஓர் எண் இருக்கும். அமிலத்தன்மையைச் சீராக்கும் பொருள் என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள்.

அந்த 330 என்பது என்ன? சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, அதே வெள்ளைத் தூள்தான்.

இன்றைக்கு உலகச் சந்தையில் விற்கும் எலுமிச்சை உப்பு எலுமிச்சம்பழத்தில் இருந்து வருவதில்லை என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அது வருவது ஒரு பூசணத்தில் இருந்து! ஈரச் சுவரிலும், அழுகிய வெங்காயத்திலும் கரி பூசியது போலப் படருமே, அந்தக் கறுப்புப் பூசணத்தின் இனம்தான் அது.

இதே சித்தூர் சீமையில் மாங்காய்க்கு முன்பிருந்தே பெயர் பெற்ற இன்னொரு விளைபொருள் மல்லாட்டை. நிலக்கடலை, வேர்க்கடலை என்று ஊருக்கு ஒரு பெயர். அதிலும் ஒரு பூசணம் பிடிக்கிறது. அதுவும் மேற்சொன்ன கறுப்புப் பூசணத்தின் குடும்பம்தான். ஆனால் அது கக்குவது கொடிய விஷம்!

ஒரே குடும்பத்தில் ஒன்று பிழைப்புக்கு உதவுகிறது. மற்றொன்று ஈரலைக் கெடுக்கிறது. இது எப்படி?

இட்லி மாவு வேறு, பூசணம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இட்லி மாவு புளிப்பது பூசணத்தால் அல்ல. உளுந்திலும் அரிசியிலும் இருக்கும் நுண்ணிய பாக்டீரியாக்களும், ஈஸ்டும் சேர்ந்து மாவைப் பொங்க வைக்கின்றன. பால் தயிராவதும் பாக்டீரியாவின் வேலையே. கள் புளிப்பது ஈஸ்டின் வேலை.

பூசணம் வேறு ஜாதி. அது காளானுக்குச் சொந்தம். கண்ணுக்குத் தெரியாத விதைகள் காற்றில் மிதந்து வரும். ஈரம் கண்ட இடத்தில் விழுந்து, நூல் நூலாக ஓடிப் படரும். பிறகு பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று பொடியாகப் பூக்கும்.

அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அது செய்வது ஒரு தந்திரம். செரிக்க வைக்கும் ரசங்களைத் தன் உடம்புக்கு வெளியே கக்கிவிடும். அந்த ரசம் அரிசியையும் பழத்தோலையும் கரைக்கும். கரைந்து வந்ததை அது உறிஞ்சிக்கொள்ளும். இந்த ரசங்களுக்கு 'நொதி' என்று பெயர். தொழிற்சாலைக்காரர்கள் என்சைம் என்பார்கள்.

பூசணத்தைக் கொண்டு நடக்கும் தொழில் முழுவதும் இந்தத் தந்திரத்தை நம்பித்தான். பூசணம் தனக்காகக் கக்குவதை மனிதன் தனக்காக வடித்துக்கொள்கிறான்.

தென்னாட்டுச் சமையலில் பூசணத்தை வேண்டுமென்றே வளர்க்கும் வழக்கம் இல்லை. ஆனால் மணிப்பூர், சிக்கிம் பக்கம் அரிசி மாவை வில்லையாகத் தட்டி, அதில் பூசணமும் ஈஸ்டும் வளரவிட்டுக் காயவைத்து, அரிசி மது தயாரிக்க உபயோகிக்கிறார்கள். ஜப்பானிலோ அது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம். வெந்த அரிசியில் 'கோஜி' என்ற பூசணத்தை வளர்த்து மதுவும், சோயா குழம்பும் செய்கிறார்கள். கோஜிப் பூசணம் கொண்டு மது வடிக்கும் அந்தக் கலையை யுனெஸ்கோ 2024-ல் மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எலுமிச்சை இல்லாத எலுமிச்சை உப்பு

ஒரு காலத்தில் உலகத்துக்கே சிட்ரிக் அமிலம் எலுமிச்சம்பழச் சாற்றில் இருந்துதான் வந்தது. இத்தாலி நாட்டின் கைதான் ஓங்கியிருந்தது. முதல் உலகப் போர் வந்ததும் சரக்கு வருவது தடைப்பட்டது.

அப்போது அமெரிக்காவில் ஜேம்ஸ் கரி என்ற உணவு ரசாயன நிபுணர், ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்னும் கறுப்புப் பூசணத்தைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தால் அது ஏராளமாக சிட்ரிக் அமிலம் சுரக்கிறது என்று 1917-ல் வெளியிட்டார். 1919-ல் பைசர் கம்பெனி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இந்த முறையில் உற்பத்தியைத் தொடங்கியது. எலுமிச்சைத் தோட்டத்தின் ஆதிக்கம் அத்தோடு சரிந்தது.

இன்று ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கும் மேல் உற்பத்தியாகிறது. அதில் பெரும் பங்கு சீனாவில்.

வேலை நடப்பது பிரம்மாண்டமான எஃகுத் தொட்டிகளில். கரும்பாலைக் கழிவுப்பாகு அல்லது சோளமாவில் இருந்து எடுத்த சர்க்கரைக் கரைசலை ஊற்றி, கிருமி நீக்கி, தேர்ந்தெடுத்த பூசணத்தை மட்டும் விதைப்பார்கள். அடியில் இருந்து இடைவிடாமல் காற்று செலுத்துவார்கள். சூடு ஏறாமல் 30 டிகிரி சுற்றில் வைத்திருப்பார்கள். சில நாட்களில் சர்க்கரை புளிப்பாக மாறிவிடும். பூசணத்தை வடிகட்டி எறிந்துவிட்டு, சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைப் பிரித்து, சுத்திகரித்துப் படிகமாக்குவார்கள். ஆகவே மூட்டையில் வரும் வெள்ளைத் தூளில் பூசணம் இருக்காது.

மாம்பழக் கூழுக்கு அது எதற்கு? பழத்தின் புளிப்பு மரத்துக்கு மரம், வாரத்துக்கு வாரம் மாறும். புளிப்பு போதிய அளவு இருந்தால்தான் டின்னில் அடைத்த சரக்கில் விஷக் கிருமிகள் தலையெடுக்காது. ருசியும் ஒரே சீராக இருக்கும். குறைந்தால் அளந்து சேர்க்கிறார்கள்.

பூசணத்தின் உதவி அத்தோடு நிற்பதில்லை. மாம்பழச் சாற்றைத் தெளிவாக்கவோ, வற்றவைத்துக் கெட்டிச்சாறு ஆக்கவோ வேண்டுமானால் பழத்தில் உள்ள 'பெக்டின்' என்ற பசை இடைஞ்சல் செய்யும். சாறு கொழகொழவென்று நிற்கும். அந்தப் பசையை வெட்டிக் கரைக்கும் 'பெக்டினேஸ்' நொதியும் பெரும்பாலும் இதே கறுப்புப் பூசணத்தில் இருந்து எடுப்பதுதான்.

கல்யாண விருந்துக்குப் பின் ஒரு மூடி

விருந்து சாப்பிட்டு வயிறு பொருமினால் மருந்துக் கடையில் செரிமான டானிக் வாங்கி ஒரு மூடி குடிக்கிறோம். அந்தப் பாட்டில்கள் பலவற்றில் 'ஃபங்கல் டயாஸ்டேஸ்' என்று அச்சடித்திருக்கும். ஃபங்கல் என்றால் பூசணம். டயாஸ்டேஸ் என்றால் சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி.

இதற்கு வழிகாட்டியவர் ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானிய விஞ்ஞானி. அமெரிக்காவில் குடியேறிய அவர், தம் நாட்டுக் கோஜிப் பூசணத்தைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, அதில் இருந்து நொதியை வடித்தார். 1894-ல் காப்புரிமை பெற்றார். 'தகா டயாஸ்டேஸ்' என்ற பெயரில் அது செரிமான மருந்தாக விற்பனையானது. தள்ளுபடியான தவிடு மருந்தாக மாறிய அதிசயம் அது!

பேக்கரி ரொட்டி மெத்தென்று உப்பவும் இதே வகை நொதியைச் சிட்டிகை அளவு சேர்ப்பது உண்டு. ரொட்டி உறையில் 1100 என்ற எண் இருந்தால் அது மாவுச்சத்தை உடைக்கும் நொதியைக் குறிக்கும்.

தண்ணீர்த் தொட்டி இல்லாமல், ஈரத் தவிட்டிலேயே பூசணம் வளர்த்து நொதி எடுக்கும் முறையில் நம் நாட்டில் நெடுங்காலம் ஆராய்ச்சி செய்த நிலையங்களில் ஒன்று, 1950-ல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்.

சித்தூருக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு டன் மாம்பழத்தை ஆட்டினால் ஏறக்குறைய பாதிதான் கூழாகத் தேறுகிறது. மீதி தோலும், கொட்டையும், நாருமாகக் கழிகிறது. சீசன் நாட்களில் தொழிற்சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த வாடை தெரியும். மாந்தோலில் பெக்டின் மிகுதி. அந்தத் தோலையே தீனியாகப் போட்டுப் பூசணம் வளர்த்துப் பெக்டினேஸ் எடுக்கலாம் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. குப்பை என்று கொட்டுவதில் இருந்தே கூழுக்கு வேண்டிய நொதி! ஆய்வுக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள தூரம்தான் இன்னும் கடக்க வேண்டியது.

பென்சிலின் சொன்ன பாதிப் பாடம்

பூசணத்தின் புகழை உலகமெல்லாம் பரப்பியது பென்சிலின். 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் தம் ஆய்வுத் தட்டில் விழுந்த பூசணம் கிருமிகளைக் கொல்வதைக் கண்டார். ஆக்ஸ்போர்டில் புளோரியும் செயினும் அதை மருந்தாக்கினார்கள். மூவருக்கும் 1945-ல் நோபல் பரிசு. நம் நாட்டில் உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் ஆகியவற்றின் உதவியோடு 1954-ல் பூனா அருகே பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது.

ஆனால் இந்தக் கதையைப் பாதி கேட்டவர்களால் ஒரு தொல்லை. "பென்சிலினே பூசணத்தில் இருந்துதானே வருகிறது? பூத்துப்போன ரொட்டியைத் தின்றால் என்ன?" என்று படித்தவர்களே கேட்பதுண்டு.

பிம்பிரியில் வளர்த்தது ஆயிரக்கணக்கில் சோதித்துப் பொறுக்கி எடுத்த இனம். அதுவும் மூடிய தொட்டியில். அதிலும் மருந்தை மட்டும் பிரித்து எடுத்தார்கள். ரொட்டியில் வந்து உட்கார்ந்தது எந்த இனம், என்ன கக்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஊர் பேர் தெரியாத ஆள் வீட்டுக்குள் நுழைந்தால் விருந்து வைப்போமா?

வான்கோழிகள் செத்த கதை

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. என்ன நோய் என்றே புரியவில்லை. கடைசியில் தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றது விசாரணை. பிரேசில் நாட்டில் இருந்து வந்த பிண்ணாக்கு அது. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம் விஷத்தைக் கக்கியிருந்தது. அந்தப் பூசணத்தின் பெயரைச் சுருக்கியே விஷத்துக்கு 'அப்ளாடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள்.

வான்கோழியோடு போகவில்லை. 1974-ல் ராஜஸ்தான் மாநிலம் பான்ஸ்வாடா, குஜராத் மாநிலம் பஞ்சமகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழை மலைவாழ் மக்கள் மஞ்சள் காமாலை கண்டு, வயிறு வீங்கி விழுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலைய நிபுணர்கள் ஆராய்ந்து, அப்ளாடாக்சின்தான் காரணம் என்று அறிவித்தார்கள். நல்ல தானியம் வாங்க வழி இருந்தால் அவர்கள் அதைத் தின்றிருக்க மாட்டார்கள் அல்லவா?

சிறுகச் சிறுகப் பல ஆண்டுகள் உடம்பில் சேர்ந்தாலும் ஈரல் புற்றுநோய் உண்டாக்கும் விஷம் இது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதி செய்துள்ளது. மஞ்சள் காமாலை 'பி' கிருமி உடம்பில் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு டன் கடலையில் 15 மில்லிகிராம்! சிட்டிகைக்கும் குறைவு. அவ்வளவு உக்கிரம்.

மல்லாட்டைக்குள் எப்படி நுழைகிறது?

இந்தப் பூசணம் மண்ணிலேயே குடியிருக்கிறது. ராயலசீமையின் வறட்சி அதற்குக் கொண்டாட்டம். அறுவடைக்கு முந்தைய மூன்று, நான்கு வாரங்களில் மழை பொய்த்து மண் சுட்டால், செடி வாடி, காயின் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. கரையானும் புழுவும் ஓட்டைத் துளைத்தால் வாசல் திறந்தது போலத்தான்.

அறுவடையான பிறகு மழை பிடித்துக்கொண்டால் இரட்டைத் துன்பம். ஈரச் செடியை அப்படியே போர் போட்டால் உள்ளே புழுங்கும். பூசணம் ஓடும்.

மூன்றாவது ஒரு வழியை மனிதனே திறந்து வைக்கிறான். காய்ந்த காயை உடைத்தால் பருப்பு பிளந்துவிடும் என்று, உடைப்பதற்கு முன் காய்மீது தண்ணீர் தெளிக்கும் பழக்கம் உண்டு. பருப்பு முழுசாக வரும்; எடையும் கூடும். ஆனால் அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டிவிட்டால் சில நாட்களில் பூசணம் தொடங்கிவிடும். கூட்ஸ் ஷெட்டிலோ குடோனிலோ அடுக்கிய மூட்டையில் ஒழுகல் தண்ணீர் பட்டாலும் இதே கதிதான்.

பருப்பில் ஈரம் 100-க்கு 8 பங்குக்கு மேல் போகாமல் காயவைப்பதே அடிப்படை மருந்து. செடியைப் பிடுங்கியதும் காய் மேலே பார்க்கும்படி தலைகீழாகப் புரட்டிப் போட்டால் காற்றும் வெயிலும் பட்டு உலரும். காதருகே வைத்துக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். இது பாட்டன் காலத்துச் சோதனை, விஞ்ஞானமும் மறுக்கவில்லை.

பொறுக்கித் தள்ளியது எங்கே போகிறது?

கடலை மில்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுருங்கியதும் நிறம் மாறியதும் பூத்ததுமான பருப்பைப் பொறுக்கித் தள்ளுவார்கள். கூலி குறைவு, குனிந்த முதுகு நிமிர நேரம் இருக்காது. ஆனால் அவர்கள் செய்வது பெரிய காரியம். விஷம் எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. கெட்டுப்போன ஒரு சில பருப்பில்தான் குவிந்திருக்கும். ஒரே ஒரு பருப்பு பல கிலோவின் கணக்கை எல்லை தாண்ட வைத்துவிடும். எந்த எந்திரத்துக்கும் குறையாத காவல் அந்தப் பெண்களின் விரல் நுனியில் இருக்கிறது.

கேள்வி அதற்குப் பிறகுதான். தள்ளிய பருப்பைக் குப்பையில் கொட்டுவார்களா? காசு அல்லவா! அது மலிவு விலைக்கு எண்ணெய் ஆட்டப் போகிறது. சில்லறைக் கடைக்கும் வருகிறது. "துடைச்சு வறுத்தா ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிக் கொடுக்கிற கடைக்காரரும் உண்டு. வறுத்தால் விஷம் ஓரளவு குறையுமே தவிர, அடியோடு போகாது. வேகவைத்தாலும் அப்படியே.

எண்ணெயை ஆலையில் சுத்திகரித்தால் காரம் சேர்த்துக் கழுவும்போது விஷம் நீங்கிவிடுகிறது. சுத்திகரிக்காமல் ஆட்டியபடியே விற்கும் எண்ணெயில் தங்கிவிடும். அதற்காகச் செக்கு எண்ணெயே கெட்டது என்று பொருள் இல்லை. நல்ல பருப்பை ஆட்டினால் நல்ல எண்ணெய். செக்கில் போடும் பருப்பு எது என்பதே கேள்வி.

விஷத்தின் பெரும்பகுதி பிண்ணாக்கில் நிற்கும். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும். மாடு அதில் ஒரு சிறு பங்கைப் பாலில் இறக்கும். பாலுக்கும் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்று சட்டம் எல்லை வகுத்திருப்பது இதனால்தான். பால் வளம் மிகுந்த சித்தூர் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வயலில் தொடங்கியது குழந்தையின் டம்ளரில் வந்து முடிகிறது.

காட்டு யானையும் கும்கியும்

பலமநேர், குப்பம் பக்கத்து விவசாயிகளுக்கு யானையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கவுண்டின்யா சரணாலயத்தில் இருந்து இறங்கும் காட்டு யானை ஒரே இரவில் தோட்டத்தைத் துவம்சம் செய்துவிடும். அதை விரட்டக் கொண்டுவருவதும் யானைதான், பழக்கிய கும்கி. 2025-ல் கர்நாடக அரசு ஆந்திரத்துக்குக் கும்கிகளைக் கொடுத்ததும் இந்த வேலைக்கே.

பூசணத்திலும் இதே கதைதான் நடக்கிறது. ஜப்பானின் கோஜிப் பூசணத்துக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்று பெயர். அதன் மரபணுக்கள் முழுவதையும் 2005-ல் படித்து வெளியிட்டார்கள். விஷம் கக்கும் பிளேவஸ் பூசணத்தோடு ஒப்பிட்டபோது இரண்டும் உடன்பிறப்புகள் என்றே சொல்லும்படி இருந்தன. நூற்றாண்டுகளாக மனிதன் அரிசியில் வளர்த்து வளர்த்து, நல்லதையே விதைக்கு எடுத்து வந்ததில், கோஜிப் பூசணம் விஷம் செய்யும் வித்தையை இழந்துவிட்டது. ஒன்று கும்கி, மற்றொன்று காட்டு யானை!

கும்கியை விட்டுக் காட்டு யானையை விரட்டும் வேலையும் நடக்கிறது. விஷம் செய்யத் தெரியாத பிளேவஸ் இனத்தைப் பொறுக்கி எடுத்து, தானியத்தில் ஏற்றி, வயலில் தூவுகிறார்கள். அது மண்ணில் இடம் பிடித்துக்கொண்டால் விஷ இனத்துக்கு இடமில்லை. அமெரிக்காவில் 2004-ல் இருந்து நிலக்கடலை வயல்களில் இப்படி ஒரு தயாரிப்பு விற்பனையில் உள்ளது. ஆப்பிரிக்க நாடுகளிலும் மக்காச்சோளத்துக்கும் கடலைக்கும் தூவுகிறார்கள்.

நம் பக்கத்தில் கைக்கு எட்டும் கும்கி 'டிரைக்கோடெர்மா'. இதுவும் ஒரு பச்சைப் பூசணம். பயிரைக் கெடுக்கும் பூசணங்களைச் சுற்றி வளைத்துத் தின்றுவிடும். 2 கிலோ டிரைக்கோடெர்மாவை 90 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ வேப்பம் பிண்ணாக்குடன் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் மூடி வைத்தால் சில நாட்களில் குவியல் முழுவதும் படர்ந்துவிடும். அதை ஓர் ஏக்கரில் தூவலாம். விவசாயி தன் களத்திலேயே நடத்தும் பூசணத் தொழிற்சாலை இது! வேரழுகலைத் தடுக்க இடும் இது, கடலையில் விஷப் பூசணம் ஏறுவதையும் குறைக்கிறது. காய் பிடிக்கும் சமயத்தில் ஜிப்சம் இட்டால் ஓடு கெட்டிப்படும்.

திருப்பதியில் உள்ள ரங்கா வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. 'நாராயணி', 'தரணி' ஆகிய ரகங்கள் அங்கே உருவானவை. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் 1972-ல் நிறுவிய இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையமும் கடலையின் இந்த விஷத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

பிண்ணாக்கை விருந்தாக்கும் ஊர்

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் கடலைப் பிண்ணாக்கை மாட்டுக்கு மட்டும் போடுவதில்லை. ஊறவைத்து, அவித்து, அதன்மேல் செங்காவி நிறப் பூசணத்தை வளர்த்து 'ஒன்சோம்' என்ற பலகாரமாக வெட்டி, பொரித்துத் தின்கிறார்கள். இறைச்சி வாங்க முடியாத ஏழைக்கு அது புரதம். அந்தப் பூசணம் பிண்ணாக்கில் உள்ள அப்ளாடாக்சினையும் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. முழுவதும் போக்கிவிடும் என்று நம்பிவிடக் கூடாது.

நம் வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே வித்தைப் பாதுகாத்து, உறை ஊற்றுவது போல வளர்க்கிறார்கள். நம் சமையலறையில் தானாகப் பூப்பது அந்த வித்து அல்ல.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மாதக் கடைசியில் கையில் இருக்கும் சில்லறைக்கு மலிவுச் சரக்குதான் கிடைக்கும் என்பது தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் தெரிந்ததே. ஆனால் கடலையில் மட்டும் மலிவு பார்க்கக் கூடாது. அரை கிலோ கெட்ட பருப்பு வாங்குவதைவிடக் கால் கிலோ நல்ல பருப்பு வாங்குவது லாபம்.

வாங்கியதும் தட்டில் கொட்டிப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சை மஞ்சள் பொடி ஒட்டியது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிடுங்கள். மாட்டுக்கோ கோழிக்கோ போடாதீர்கள். அது பாலாகவும் முட்டையாகவும் உங்களிடமே திரும்பலாம்.

வாயில் போட்ட பருப்பு கசந்தால் துப்பிவிடுங்கள். மரியாதை பார்த்து விழுங்க வேண்டாம். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லித் தாருங்கள்.

அறுவடை முடிந்த வயலில் மண்ணுக்குள் தங்கிய காய்களைப் பொறுக்கி வந்து தின்னும் வழக்கம் கிராமங்களில் உண்டு. நாள்பட ஈரமண்ணில் கிடந்த காயில் பூசணம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். உடைத்துப் பார்த்து, வெள்ளை வெளேரென்று கெட்டியாக இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும்.

கடலையை ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். ஆட்டிய எண்ணெய் வாங்குவதானால், பருப்பை நீங்களே பொறுக்கிக் கொடுத்து ஆட்டி வாங்குவது உத்தமம். பூத்த ரொட்டியில் பூத்த பக்கத்தை மட்டும் கிள்ளிவிட்டு மீதியைத் தின்ன வேண்டாம். மேலே தெரிவது பூ. உள்ளே ஓடியிருக்கும் நூல் கண்ணுக்குத் தெரியாது.

கூழ் டின்னுக்குள் போகும் எலுமிச்சை உப்புக்கு ஆய்வுக்கூடம் காவல் இருக்கிறது. நம் வீட்டுக் கடலை டப்பாவுக்கு நாமேதான் காவல்.